பார்க்காமல் சொன்ன பச்சை

“சுதந்திரப் போராட்” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்தக் குரல் நின்றுபோயிற்று. பிலோமினா கீபோர்டின் மேல் விரல்களை வைத்தபடி, மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. கீழ் அம்புக்குறியை அழுத்தினாள், இன்னொரு தரம் அழுத்தினாள், காதுக்குள் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் எழுத்தை அவளுக்குப் படித்துச் சொல்வதுதான் அந்தக் குரலின் பிழைப்பு. மூக்கடைத்த ஆண்குரல். அவள் ஓட்டவிடுகிற வேகத்தில் அப்பா சவரிமுத்துவுக்கு அதில் ஒரு வார்த்தை பிடிபடாது, “ஒன் மலையாளி என்னம்மா சொல்றான்” என்று கேட்பார். மலையாளி வாயை மூடியதும்தான் அறையின் மற்றச் சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, விசிறியின் டக்டக், அடுப்படியில் சொட்டும் குழாய், தூரத்தில் பொன்மலை ரயில்வே பட்டறையில் இரும்பை இரும்பில் போடுகிற சத்தம், அப்புறம் மேஜைக்கடியில் கம்ப்யூட்டரின் டிஸ்க் கரகரவென்று, பல்லைக் கடிப்பது போல. அந்தக் கரகரப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை அவள் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள், அன்றைக்கு டிஸ்க்கே போய்விட்டது. இன்றைக்கா இது வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான், வந்து உட்கார்ந்து பேசப் போகிறான், அதற்குள் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை பிரெயிலுக்கு மாற்றிப் பார்வையற்றோர் பள்ளி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, வேலையும் நடக்கிறது வீடும் நடக்கிறது பார் என்று காட்டலாம் என்றிருந்தாள். ஹோசூரில் இருக்கும் லியோ அண்ணன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம். அப்பா என்கூட வந்துடட்டும் மினா, அவருக்கும் வயசாகுது, ஒனக்கு சென்னையில ஒரு ஹாஸ்டல் விசாரிச்சு வச்சிருக்கேன், பார்வையில்லாத லேடீஸுக்குன்னே உள்ளது, நல்ல சாப்பாடு என்றான். அவள் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அப்பாவுக்குக் கண்ணு இருக்கு, எனக்குக் காது இருக்கு, ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு, எங்கள ஏண்ணா பிரிக்கிற என்று. சரி நேர்ல பேசிக்கலாம் என்றான். நேரில் என்றால் கண்ணால் பார்ப்பான், ஒட்டடை, கரி பிடித்த பாத்திரம், கணக்கு எடுப்பான். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு ஒட்டடையைப் பற்றி என்ன தெரியும், அப்பாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படபடக்காதே, வரிசையாகப் போ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குரல் மட்டும் செத்ததா, மெஷினே செத்ததா, முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வை உள்ளவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை, தலையைத் தூக்கினால் திரை இருக்கிறது. அவளுக்குக் குரல் போனால் திரையும் போயிற்று, வீட்டுக்குள் யாராவது இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் வெளியே நின்று கதவைத் தட்டுகிற கதைதான். குரலை மறுபடி எழுப்புகிற மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. சரி, அவள் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸில் இன்னொரு வாசல் உண்டு, பின்வாசல் மாதிரி, படமும் அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துத் திரை, அதற்குத் தாவுகிற விசையை அழுத்தி, பெயரை அடித்து, கடவுச்சொல்லை அடித்து, குரலைத் திரும்ப ஓட்டும் கட்டளையையும் அடித்தாள். எல்லாம் இருட்டடி. உள்ளே போனதா, வாசலிலேயே கிடக்கிறதா, யாருக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே அடித்தாள். டிஸ்க் கரகரத்துக்கொண்டே இருந்தது. மொபைலிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தாள், மொபைலின் பெண்குரல் வெகுநேரம் கழித்து, இணைப்பு கிடைக்கவில்லை என்று பவ்வியமாகச் சொன்னது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. சேலையில் துடைத்துக்கொண்டாள். தப்பு தன் பேரில்தான் இருக்குமோ, ஒவ்வொரு பாடமாக மாற்றக் கொடுக்க வேண்டியதை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முழுப் புத்தகத்தையும் ஒரே வாயில் ஊட்டியது யார், பேராசை. அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள், ஒனக்கு எப்பவும் பறக்காவெட்டித்தனம்டி. அம்மா போனதிலிருந்து அப்படித் திட்ட ஆளில்லை. அப்பா திட்ட மாட்டார். அவர் பார்த்துச் சொல்லுவார், அவ்வளவுதான், ஆனால் கூப்பிடக் கூடாது என்று வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கூப்பிடாமல் இருப்பதுதான் இத்தனை வருஷமும் அவளுடைய வீம்பு. கூப்பிட்டால் வருவார் என்பது தெரிந்தே கூப்பிடாமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டு. இன்றைக்கு வேறு வழியில்லை. “அப்பா, ஒரு நிமிஷம் வந்து ஸ்க்ரீனைப் பாருங்களேன்.”

“இந்தா வரேன் மினா.” டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தார். செருப்பு சரசரவென்று தேய்ந்து வந்தது, நாற்காலியை இழுத்தார், உட்கார்ந்தார். சவரிமுத்து இன்ஜின் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்ஜினில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் டிரைவர் உரக்கச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் தானும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு குரல் சொன்னால் போதாது, இரண்டாவது குரலும் சொன்னால்தான் அது சிக்னல். வீட்டிலும் அப்படித்தான். “கேஸ் மூடியாச்சு” என்பார், “கேஸ் மூடியாச்சு” என்று அவள் சொல்ல வேண்டும். திரையைப் படித்துச் சொல்வதும் அதே முறைதான். இன்றைக்கு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “என்னப்பா, ஒண்ணுமே இல்லையா?” “இருக்கு இருக்கு. சொல்றேன். கெர்னல் பேனிக்.” “கெர்னல் பேனிக்,” என்று திருப்பிச் சொன்னாள். “அனேபிள் டு மவுன்ட் ரூட்.” “அனேபிள் டு மவுன்ட் ரூட். வேற?” “கீழ நெறைய நம்பரு. அன்னைக்கு வந்துச்சே, அதே மாதிரிதான்.” அதேதான் என்றால் அதேதான். கெர்னல் என்பது மெஷினின் உயிர்நாடி, அது பேனிக் என்று எழுதிவிட்டு நின்றால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம், கூப்பிட்டாலும் வராது, டிஸ்க்கை அதனால் தொட முடியவில்லை, அந்தக் கரகரப்பும் அதைத்தான் சொல்கிறது. அவள் குனிந்து சுவரோரம் தடவி வயரை உருவினாள். டிஸ்க் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பாதிப் புத்தகம் போயிற்று. அப்பா அவள் தலையில் கையை வைக்க வந்து, காதில் வைத்து, அப்புறம் தலைக்குக் கொண்டுபோனார். “விடு, சரி பண்ணிரலாம்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இப்படி நேர்ந்தால் போடுவதற்கென்றே ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறாள், அதற்குள் ஒரு குட்டி லினக்ஸும் இங்கிலீஷில் மட்டும் பேசுகிற ஒரு குரலும் உண்டு. அதைச் செருகி, உருவிய வயரையும் திரும்ப மாட்டிவிட்டு, அது பேசத் தொடங்கும்வரை காத்திருக்கும்போது அந்தப் பழைய நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. டிஸ்க் போன அன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வரிவரியாகப் படித்தார். பேனிக்னா பயந்துருச்சுன்னு அர்த்தமா, மெஷினுக்கு எதுக்குமா பயம் என்று சிரித்தார். அவள் பாதிக் கோபத்தோடு நீங்க படிங்கப்பா என்றாள். பெட்டியில் இருந்தது முழுக்கப் போய்விட்டது, ஆனாலும் அன்றைக்கு இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அவர் கூவுவதும் இவள் எதிர்க்கூவல் கொடுப்பதுமாக, பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா வந்து என்ன மிலிட்டரியா நடக்குது இங்க என்று எட்டிப் பார்த்தாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனையில் ஒருமுறைகூடத் தேறாமல் வந்ததில்லை என்பது அப்பாவின் பெருமை. கடைசி வரிசைக்கும் கீழே அச்சகத்தின் பெயர் போட்டிருந்ததையும் படித்தேன் என்பார், டாக்டர் எழுந்து கைகொடுத்தாராம், எவ்வளவு நிஜமோ. பென் டிரைவின் குரல் எழுந்தது. அவள் டிஸ்க்கைச் சோதிக்கச் சொன்னாள். உள்ளங்கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, கர்த்தரே கர்த்தரே என்று அர்த்தமில்லாமல் சொல்லிக்கொண்டு காத்திருந்தாள், பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. குரல் சொன்னது, டிஸ்க்கில் குறை ஒன்றும் இல்லை. நம்பாமல் வேறு விதமாகவும் சோதித்தாள். இல்லை. கோப்புகள் ஒழுங்காக இருந்தன, பாதிப் புத்தகம் அப்படியே இருந்தது. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் ஒரு முள் நின்றது. டிஸ்க் நன்றாக இருந்தால் அதைத் தொட முடியவில்லை என்று மெஷின் ஏன் எழுதியது.

மெஷின் நடந்ததையெல்லாம் ஒரு பதிவில் எழுதிக்கொண்டே போகும், நல்லதோ கெட்டதோ, எழுதாமல் இருக்காது. அதைத் திறந்து கடைசிப் பகுதியைப் படிக்கவிட்டாள். காரணம் முதலிலேயே கிடைத்துவிட்டது, அவள் நினைத்ததுதான். முழுப் புத்தகத்தையும் ஒரே வாயில் கொடுத்ததில் மெஷினின் நினைவு நிரம்பி வழிந்துவிட்டது. அப்படி நிரம்பினால் கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும், மற்றவை பிழைக்கட்டும் என்று. கொன்றது அந்தக் குரலை. கரகரத்தது டிஸ்க்கின் சாவு இல்லை, இடம் போதாமல் மெஷின் டிஸ்க்கில் வைத்து வைத்து எடுத்த அல்லாட்டம். சரி, புரிகிறது. அதற்குக் கீழேயும் வரிகள் இருந்தன. பெயர் கேட்டோம், கடவுச்சொல் உரிய நேரத்தில் வரவில்லை, விட்டுவிட்டோம். மறுபடி பெயர் கேட்டோம், மறுபடி விட்டுவிட்டோம். அவள் விரல் நின்றுவிட்டது. இது அவள் தட்டியதல்லவா, பின்வாசலில் நின்று அவள் தட்டியது, உள்ளே இருந்து கேட்டிருக்கிறது, எழுந்துவர முடியாமல் கேட்டிருக்கிறது. அதற்குக் கீழும் ஒரு வரி, இன்னொன்று, அவள் வயரை உருவுகிறவரைக்கும் வரிகள். திரும்பவும் மேலே போய் முதலிலிருந்து படிக்கவிட்டாள், வேகத்தைக் குறைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல. பேனிக் என்ற வார்த்தை எங்குமே இல்லை. இருக்கவும் முடியாது, பேனிக் ஆன கெர்னல் பதிவு எழுதாது, செத்தவன் எழுந்து தன் சாவுக்குப் பின் நடந்ததை எழுதுவானா. அது கடைசிவரை உயிரோடு இருந்தது. அப்படியானால் அப்பா வந்து உட்கார்ந்தபோது திரையில் இருந்தது, பெயரைச் சொல் என்று கேட்கிற ஒற்றை வரி. மற்றதெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டுதான் அவர் கெர்னல் பேனிக் என்றார், அனேபிள் டு மவுன்ட் ரூட் என்றார், கீழே நிறைய நம்பர் என்றார். அன்றைக்கு வந்தது மாதிரியே. அன்றைக்கு வந்ததைத்தான்.

முதலில் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். உயிரோடு இருந்த மெஷினின் வயரை என் கையாலேயே உருவ வைத்தாரே என்று பொசுபொசுவென்று வந்தது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன. அந்தக் கோபத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்ன ஒரு கதையும் வந்தது. திண்டுக்கல் பக்கம் ஏதோ ஒரு வளைவில் ஒரு சிக்னல் எப்போதும் பச்சையாகவே இருக்குமாம். ஒருநாள் அவருடைய உதவி டிரைவர், தலையைத் தூக்காமலே டிபன் டப்பாவை மூடிக்கொண்டு, பழக்கத்தில் பச்சை என்று கூவிவிட்டான். அப்பா பார்த்தார், சிவப்பு. பிரேக் போட்டு நிறுத்தினார். கீழே இறங்கி அவனை அறைந்துவிட்டார், மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். பாக்காம பச்சைன்னு சொல்றவன் கொலகாரன் மினா, தூங்கிட்டாக்கூட மன்னிச்சுரலாம், பாக்காம சொல்லக் கூடாது. அந்த மனுஷர் இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் சொன்னாரென்றால். இல்லை, பார்க்காமல் இல்லை. பார்க்க முடியாமல். அந்த வார்த்தை மனதில் வந்ததும் அதைத் தள்ளிவிடப் பார்த்தாள், அது போகவில்லை, தன் கூட்டத்தையும் அழைத்து வந்தது. தினமும் காலையில் அவர் கன்னத்தில் படிகாரத்தை உரசுகிற சத்தம், சவரம் செய்யும்போது இப்போதெல்லாம் எத்தனை வெட்டு. பேப்பர் படித்துச் சொல்வதை நிறுத்தியது, ஒரே கொலையும் கொள்ளையும் என்னத்தப் படிக்கிறது என்றார், இவளும் ஆமாம் என்றாள். வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கணும், நீ சொல்றதுதான் சரி என்று திடீரென்று அவள் கட்சிக்கு வந்தது. எத்தனை வருஷம் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள் அதற்காக, கடைசியில் திருந்தினாரே என்று மகிழ்ந்துபோனாள், மடச்சி. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விரல் உள்ளே நனைகிற சத்தம். நடையில் சுவரை உரசிக்கொண்டு வரும் கை. செருப்பைத் தூக்கி வைக்காமல் தேய்க்கிற நடை. இவையெல்லாம் யாருடைய பழக்கம், அவளுடையது. அவள் வீட்டில் அவள் சத்தமே இரண்டாவதாக ஒருவரிடமிருந்து வந்துகொண்டிருந்தது, அவள் அதை வயசு என்று நினைத்தாள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள், என்னத்தை அறிந்தது.

எல்லோரையும் ஏமாற்றுவது கஷ்டம், ஜெசிந்தா அக்காவை, பால்காரரை, பங்குச் சாமியாரை. அவளை ஏமாற்றுவது சுலபம், அவள் பார்க்க மாட்டாளே. அது வலித்தது. வலித்தாலும் அவர் ஏன் செய்தார் என்பதில் அவளுக்கு ஒரு விநாடி சந்தேகமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்குத் தெரிந்தால் பேச்சே கிடையாது, ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு என்று அவள் சொன்ன கணக்கில் ஒரு பாதி போய்விட்டது, பார்வையில்லாத இரண்டு பேரை ஒரு வீட்டில் விட்டுவிட்டு எந்த மகன் தூங்குவான். இடம் போதாவிட்டால் ஒன்றைக் கழித்து மற்றதைக் காப்பாற்று, கெர்னலுக்கு இருக்கும் அதே நியாயம்தான், ஹோசூரில் இரண்டு அறை, அதில் அவன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், அப்பாவைச் செருகலாம், அவளைச் செருக முடியாது. சொல்லாமல் இருந்தால்? ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிட்டால்? அவளால் முடியும், வீட்டில் எது எங்கே என்பது அவளுக்கு அத்துப்படி, அப்பாவுக்கு இடதில் இரண்டடி, வலதில் கதவு என்று இருமல் சத்தத்திலேயே சொல்லிவிடலாம். இருவரும் சேர்ந்து அண்ணனின் இரண்டு நல்ல கண்களை ஏமாற்றிவிடலாம். அந்த எண்ணம் அவளுக்கு இனித்தது, கொஞ்ச நேரம் இனிக்கவே விட்டாள். மாதங்கள் போகும். இதற்கிடையில் கண்ணுக்குள் என்ன நடக்கிறதோ அது பாட்டுக்கு நடக்கும். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று அண்ணன் எதற்கெடுத்தாலும் சொல்லுவான், அவளுக்கு முன்னால் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான், அவளுக்குச் சிரிப்பு வரும். இப்போது சிரிப்பு வரவில்லை. இன்னும் கெடாமல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். மிச்சம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், மிச்சம் இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் இல்லாமலே போயிருக்கட்டும் என்றும் ஒரு கணம் ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்பட்டதற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அப்பா, திரும்ப ஒருக்கா வாங்க.” சோதிக்கிறோம் என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள், தெரிந்தேதான் கேட்டாள். “இப்ப ஸ்க்ரீன்ல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.” நாற்காலி கிறீச்சிட்டது. அவர் மூச்சு முன்னால் வந்தது, திரைக்கு வெகு பக்கத்தில், மூக்கு தொடுகிற தூரத்தில். பக்கவாட்டில் போனது, மறுபடி வந்தது, எலி பொந்தைத் தேடுவது போல. திரையில் இருந்தது பதிவின் வரிகள், அது அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. “அப்படியேதான் மினா இருக்கு. கெர்னல் பேனிக்,” என்றார். அவள் திருப்பிச் சொல்லவில்லை. “கெர்னல் பேனிக்,” என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும், தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ஒரு குரல் கேட்டால் மறு குரல் கொடுத்தே வளர்ந்தவள். இரண்டாவது குரல் வராவிட்டால் முதல் குரல் சொன்னது சிக்னல் இல்லை, அது அவருக்குத் தெரியாதா. நாற்காலி பின்னால் சாய்ந்தது. பட்டறையில் மதியச் சங்கு ஊதி நின்றது. “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றார். “எப்பருந்துப்பா?” “தவக்காலத்துல. சிலுவைப்பாதை புஸ்தகம் படிக்கிறப்ப, நடு எழுத்துல ஒரு பொக. தொடச்சுப் பாத்தேன், கண்ணாடியில இல்ல. இப்ப ஆளப் பாத்தா காது தெரியுது, தோளு தெரியுது, மூஞ்சி இல்ல. ஒனக்கும் மூஞ்சி இல்ல மினா. கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கும் வருது.” “டாக்டர்ட்ட போகலையா?” “போனா லியோவுக்குப் போன் போட்டுருவாங்க. ஒன்ன ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுருவான். ஒனக்குத் தெரியவா போவுதுன்னு நெனச்சேன்.” அப்புறம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டு, அவள் கேட்டிராத ஒரு குரலில், கெஞ்சுகிற குரலில் சொன்னார், “இந்த ஞாயித்துக்கெழம மட்டும் போவட்டும்மா. நான் சமாளிச்சுருவேன். பேரப்புள்ளைங்க ஓடிவர்ற சத்தம் எனக்குத் தெரியும், எது பெருசு எது சின்னதுன்னு காலு சத்தத்துலயே சொல்லிருவேன்.”

ஓரம் இருக்கிறது என்றாரே, அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். காதும் தோளும் இன்னும் இருக்கின்றன. “மிச்சம் இருக்கறப்பவே காட்டுனாதாம்பா நிப்பாட்ட முடியும்.” “நின்னா நிக்குது, போனா போவுது, நாம இங்கயே இருப்போம்.” “வேணாம்பா.” அவள் போனை எடுத்து அண்ணன் பெயரைச் சொன்னாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் கை போனைத் தேடி வந்து, பாதை தவறி, அவள் முழங்கையில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. பிடுங்கவில்லை. “சொல்லு மினா,” என்றான் லியோ, பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். எப்படித் தொடங்குவது என்று அவள் யோசித்து வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. “அண்ணா, அப்பாவுக்குக் கண்ணு தெரியல. ஞாயித்துக்கெழம வரைக்கும் வேணாம், இப்பவே கெளம்பு.” அவன் என்ன என்றான், எப்போது என்றான், கத்தினான், அப்புறம் இயந்திரச் சத்தம் இல்லாத இடத்துக்கு வந்து மெதுவாகப் பேசினான். சாயங்காலம் வந்துருவேன், ரெண்டு பேரு துணியையும் எடுத்து வைங்க, தனித்தனி பையில என்றான். சரி என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது, ஒரு வீட்டைக் கலைக்க இவ்வளவு குறைந்த பேச்சு போதுமா என்று இருந்தது. அழுகை வரவில்லை. யாரோ அவளுடைய ஒரு கையையே கழற்றிக்கொண்டு போனது மாதிரி உடம்பு ஒரு பக்கம் லேசாகிவிட்டது.

அப்பா எழுந்து போகவில்லை. அவள் முழங்கையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. “மினா.” “என்னப்பா.” “ஓரமும் போயிருச்சுன்னு வையி. அப்பறம் எப்படி இருக்கும்? கரண்டு போன மாதிரி இருட்டாவே இருக்குமா, எந்நேரமும்? ஒனக்குத்தான் தெரியும், நீ சொல்லு.” இத்தனை வருஷத்தில் அவர் இதை அவளிடம் கேட்டதேயில்லை. நல்லதாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அவள் தவித்தாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். தண்ணீர் நிறைவதைச் சத்தத்திலேயே எப்படிப் பிடிப்பது, வெயில் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்பதை வைத்துத் திசையை எப்படி அறிவது, இவையெல்லாம் அவளிடம் நிறைய உண்டு, அள்ளி அள்ளிக் கொடுக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. கேட்டதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை, பார்க்காமல் எதையும் சொல்லவும் மனம் வரவில்லை. “இருட்டுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுப்பா,” என்றாள். “நான் பாத்ததில்ல.” அவர் கை அவள் முழங்கையில் இறுகியது. “இருட்டையுமா?” என்றார். “இருட்டையும்தான்பா.” “இத்தன வருஷமா நீ இருட்டுல இருக்கேன்னுதானம்மா நான்...” சவரிமுத்து அழுதார், மனைவியைப் புதைத்த அன்றும் அழாதவர் மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார், அவள் பிறந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதார். பிலோமினா அவர் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.